எல்லாருக்கும் பத்து

செண்பகக்கனிக்கு இந்தக் கதையை யாரிடம் சொல்வதென்றாலும் உடனே தொடங்க வராது, ஏனென்றால் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எதையாவது முன்னுக்குப் பின் மாற்றிச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு எப்போதும் உண்டு, அதைவிடப் பெரிய பயம், உப்பளத்தை ஒட்டி நிற்கும் அந்த லைன் வீடுகளில் ஒரு தடவை தப்பாகச் சொன்னது அப்படியே நடந்துபோயிருக்கிறது, தப்பாகச் சொன்னதும் அவளேதான். அதனால் எழுந்துபோய்க் காஸ் குமிழை மூடியிருக்கிறோமா என்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, எண்கள் வரும் இடத்திலெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு தொட்டில் கொக்கியிலிருந்துதான் அவள் ஆரம்பிப்பாள்.

மகள் கனகசுதா தலைப்பிரசவத்துக்கு வருவதாக இருந்தது. பின்னறையில் தொட்டில் கட்டத் தளத்தில் கொக்கி இல்லை, பிள்ளைத் துணிகளை வைக்கச் சுவரில் பலகை இல்லை. ஒரு கொக்கிக்கும் ஒரு பலகைக்கும் எந்தக் கொத்தனாரும் வரமாட்டேன் என்றார்கள், வருகிறேன் என்று சொன்னவரும் வரவில்லை. கனியின் வீட்டுக்காரர் சொரிமுத்து, துறைமுகத்து எடைமேடையில் லாரிகளை ஏற்றி இறக்கி நிறை பார்க்கும் வேலைக்காரர், ஒரு வாரம் கைப்பேசியில் வீடியோ வீடியோவாகப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி ஆள் தேடுவாங்களாட்டி, சாமான் இருந்தா நாமளே செஞ்சிரலாம்" என்று அவளையும் கூட்டிக்கொண்டு மார்க்கெட் பக்கத்து இரும்புக்கடைக்குப் போனார்.

"சுவரு செங்கலா, கல்லா?" என்று கேட்டார் கடைக்கார அண்ணாச்சி.

"சுவரு செங்கல். தளம் கான்கிரீட்டு."

"அப்ப சும்மா சுத்துற மிஷினு ஆகாது. சுத்திக்கிட்டே அடிக்கிற மிஷினுதான் வேணும். மரத்துல துளை போடுற பிட்ட மாட்டித் தளத்துல வச்சீருன்னா பிட்டு கருகிப்போயிரும்."

"தெரியும் அண்ணாச்சி, வீடியோல பாத்தேன்."

"போன வாரம் ஒருத்தரு இப்படித்தான் வீடியோ பாத்துட்டு வந்து மிஷினு வாங்கிட்டுப் போனாரு. சுவத்துக்குள்ள போற தண்ணிக்குழாயில ஓட்டையப் போட்டு, வீட்டுக்குள்ளயே குத்தாலம். வீட்டம்மா துண்டோட வந்து நிக்காவ."

சொரிமுத்து சிரித்தார். கனி சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தக் கடையில் இருந்த ஒவ்வொரு சாமானும், அதைக்கொண்டு என்ன செய்யலாம் என்று தெரியும் முன்பே, அதனால் என்ன கேடு வரும் என்றுதான் தெரிந்தது. சுத்தியலைக் கையில் எடுத்துத் தலை ஆடுகிறதா என்று பார்த்தாள், ஆடியது, வேறொன்று கேட்டாள். திருப்புளியின் பிடியை ஈரக்கையால் பிடித்து வழுக்குகிறதா என்று பார்த்தாள். தொட்டில் கம்பில் சிராய் நிற்கக் கூடாது என்பதற்காக உப்புத்தாள் கேட்டு, அண்ணாச்சி எடுத்துப்போட்ட தாள்களைத் தன் முழங்கையின் உட்பக்கத்தில் தேய்த்துப் பார்த்து, முதலில் உரசச் சொரசொரப்பாக ஒன்றும் பிறகு உரச நைசாக ஒன்றும் எடுத்துக்கொண்டாள். "பரவாயில்லியே, ஆசாரி கூட இப்படிப் பாக்கமாட்டாரு" என்றார் அண்ணாச்சி.

அளவு டேப்பு எடுக்கும்போதுதான் நேரமாயிற்று. கொக்கி கொக்கியாகத் தொங்கிய டேப்புகளில் எதை இழுத்துவிட்டாலும் அது சாட்டையைப் போல் சீறிக்கொண்டு உள்ளே ஓடியது, கனி ஒவ்வொரு தடவையும் விரலை உதறிக்கொண்டு பின்வாங்கினாள். பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தச் சீற்றம் ஆகாது என்று அவள் சொல்ல, அண்ணாச்சி மேசையின் இழுப்பறையைத் துழாவி, பெட்டி இல்லாத, பெயர் இல்லாத, மஞ்சள் டேப்பு ஒன்றை எடுத்து வைத்தார். கறுப்பில் அங்குலமும் சிவப்பில் அடியும் போட்டிருந்தது, பதினாறு அடி வரை நீண்டது. கனி அதை இழுத்துவிட்டாள். அது சீறவில்லை. பசு நாக்கை உள்ளே வாங்கிக்கொள்வதுபோல, அவசரமில்லாமல், சத்தமில்லாமல், கொஞ்சம் ஈரமாகக்கூட அவளுக்குத் தோன்றும்படி உள்ளே போயிற்று. "இதுதான்" என்றாள் கனி. பயந்தவள் பார்த்துப் பார்த்து எடுத்த சாமான் அது.

வீட்டுக்கு வந்ததும், தளத்தின் நடுவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொரிமுத்து டேப்பின் நுனியை ஒரு சுவரில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, கனி எதிர்ச்சுவருக்கு இழுத்துக்கொண்டு போனாள், அவருக்குக் கிட்டத்து எழுத்து தெரியாது என்பதால் வாசிப்பது அவள் வேலையாயிற்று. சிவப்பில் ஒன்பது தெரிந்தது, ஒன்பதைத் தாண்டி ஒரு விரற்கடை. தினசரி காலண்டரின் பின்னட்டையில் பல்லி விழும் பலனுக்குக் கீழே மனையடி பலன் போட்டிருக்கும் இல்லையா, அதில் ஒன்பதுக்கு நேராக ஆயுள் குறையும் என்று இருந்ததை அவள் குடிவந்த அன்றைக்கே பார்த்திருந்தாள், சர்க்கார் கட்டிய வீட்டில் யாரைப் போய்க் கேட்பது என்று இத்தனை வருஷம் அந்த எண்ணை அவள் வாயால் சொன்னதில்லை. இப்போது பிள்ளைத்தாச்சி வந்து படுக்கப்போகும் அறையில் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது.

"எம்புட்டுட்டி?"

"பத்து" என்றாள் கனி.

அவள் காட்டிய ஐந்தில் சொரிமுத்து பென்சிலால் குறி போட்டார். அப்போது சுவர் நகர்ந்தது. தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுத்தால் கீழே பாய் முனகுமே, அவ்வளவுதான் சத்தம். அதுவரை ஒரு பக்கம் சுவரையும் மறுபக்கம் டிரங்குப்பெட்டியையும் முட்டிக்கொண்டு கிடந்த கட்டிலுக்குப் பக்கத்தில் விளக்குமாறு தாராளமாகப் போய்வரும் இடம் விழுந்தது. கனி டேப்பைப் பார்த்தாள், சிவப்பில் பத்து. "சரியாத்தான் வாசிச்சிருக்கே" என்றார் சொரிமுத்து, தள்ளி நின்றே எட்டிப் பார்த்துவிட்டு. அவர் ஏணியில் ஏறித் துளை போட்டுக் கொக்கியை முடுக்க, கனி கீழே நின்று சிமெண்ட் தூசியை முந்தானையில் பிடித்துக்கொண்டு, விளக்குமாறு போகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லைனில் கனியின் வீடுதான் கடைசி, அதற்குப் பிறகு காம்பவுண்டுச் சுவர், அதற்கப்பால் உப்பளம். அடுத்த வீட்டு லூர்தம்மாள் மறுநாள் காலையில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏ கனி, உங்க சுவரு எங்க வீட்டுக்குள்ள வந்து நிக்கு. பீரோ கதவு முழுசாத் திறக்க மாட்டேங்கு. சீலைய எல்லாம் இடுக்கு வழியா உருவி உருவி எடுக்கேன்."

கொடித்துணியிலிருந்து அவள் வாசலில் தண்ணீர் சொட்டினால் எந்தக் குரலில் கேட்பாளோ அதே குரலில்தான் கேட்டாள். கனி உள்ளதைச் சொன்னாள். லூர்தம்மாள் யோசித்தாள்.

"ஒன்பதுன்னு எப்படிச் சொல்ல முடியும், பிள்ள வர்ற இடத்துல. நீ செஞ்சது சரிதான். அந்த டேப்பக் கொண்டா, எனக்கும் பத்துன்னு வாசி."

"யக்கா, உங்களுக்கு மாதா இருக்கால்லா, மனையடியெல்லாமா பாப்பீங்க?"

"மாதா மாதாதான். அடி அடிதானே."

அவள் வீட்டில் மாதா படத்துக்கு நேர் கீழேதான் அந்தக் காலண்டரும் தொங்கியது. டேப்பை இழுத்தார்கள், லூர்தம்மாள் தானே பத்து என்று வாசித்தாள், பாய் முனகியது, பீரோ கதவு விரியத் திறந்தது. அதற்கடுத்த வீடு தர்மக்கண் என்பவருடையது, ஐஸ் பிளாண்டில் வேலை பார்த்து ஓய்ந்தவர், தனியாள், நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை சொல்லுகிறவர். அவர் வந்து ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் லைன் முழுக்கத் தெரிந்துபோயிற்று. ஆச்சரியப்பட்டவர்கள் யாரும் இல்லை, முறை வைத்தவர்கள்தான் இருந்தார்கள். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் மகராசன் டேப்பை வாங்கிக்கொண்டு போய்த் தன் அறையில் இழுத்து, "இருபது" என்று கம்பீரமாக வாசித்துப் பார்த்தார். சுவர் காது கொடுக்கவில்லை. டேப்பில் இல்லாத எண்ணை அது கேட்காது என்பது அப்படித்தான் தெரிந்தது. பதினாறு என்று வாசிக்க அவர் வாயெடுக்கும்போது மற்றவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள், தண்ணீர்த் தொட்டியடியில் கூட்டம் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றார்கள். கூட்டத்தில் மகராசன் எழுந்து நின்று, ஆசைக்கு அளவில்லை, பத்து நல்ல எண், ஆகவே நியாயமாக எல்லாருக்கும் பத்து என்று சொன்னபோது பெண்கள் உட்படக் கை தட்டினார்கள். டேப்பு இனி சங்கத்துச் சொத்து, செயலாளர் வீட்டில் இருக்கும், முறை வந்தவர்கள்தான் வாசிக்கலாம், விளக்கு வைக்கும் முன்னால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தர்மக்கண் கூட்டத்துக்கு வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "எனக்கு இருக்கது போதும்" என்று சொல்லியனுப்பினார். போதும் என்பவரை என்ன செய்வது, வற்புறுத்தவா முடியும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒவ்வொரு வீடாகப் பத்து என்று வாசிக்க வாசிக்க, பாய் முனகும் அந்தச் சத்தம் லைனின் இந்த முனையிலிருந்தும் அந்த முனையிலிருந்தும் தர்மக்கண்ணின் வீட்டை நோக்கி நடந்து வந்தது. முதலில் அவருடைய சன்னல் கம்பிகள் சீப்புப் பல்லைப்போல நெருங்கின, பிறகு சன்னல் போயிற்று, கதவு ஒரு பலகையாயிற்று, பலகை ஒரு சட்டமாயிற்று, எல்லா வீட்டிலும் ஒன்பதுக்கு மேல் மிஞ்சியிருந்த அந்த ஒவ்வொரு விரற்கடையும் சேர்ந்துதானோ என்னவோ, கடைசியில் ஒரு சாணுக்கும் குறைவான இடுக்கு ஒன்று தரையிலிருந்து தளம் வரை நின்றது. அதற்குள்ளிருந்து காலையில் ரேடியோவில் செய்தி கேட்டது, மெலிந்த குரலில். சாயங்காலம் காப்பி வாசம் வந்தது. மின்சார மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, மீட்டர் ஓடுகிறது என்றால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம், ஆகவே எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். வெள்ளையடிக்க வந்தவர் இடுக்கைச் சுட்டி இதையும் அடிக்கவா என்று கேட்டதற்கு, பக்கத்து வீட்டுக்காரர்கள், அது அவர் வீடு, அவரைக் கேளுங்கள் என்று முறையாகப் பதில் சொன்னார்கள்.

கனிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. பகலில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்து, தட்டையான பண்டமாகச் செய்து கொண்டுபோனாள்: தோசை, சப்பாத்தி, பொரித்த அப்பளம். தாளில் மடித்து இடுக்கில் நீட்டினால் உள்ளிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். முதல் நாள் அந்தக் கையைப் பார்த்தபோது அவள் ஓரடி பின்வாங்கினாள், ஏனென்றால் அது மெலிந்த கை இல்லை, இஸ்திரி போட்ட கை.

"சௌகரியமா இருக்கீங்களா அண்ணாச்சி?"

"இருக்கேன்மா. திரும்பிப் படுக்கத்தான் முடியல."

இதற்கிடையில் சுதா வந்தாள். பத்தடி அறையில் காற்றாடிக்கு அடியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "எம்மா, இந்த அறை முன்னாடி இம்புட்டுப் பெருசா இருந்த மாதிரி எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள். வலி எடுத்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெண் பிள்ளை, நல்லபடியாகப் பிறந்தது, முடி நிறைய.

பிள்ளையோடு திரும்பிவந்த அன்று கனி தொட்டிலில் போட்டு ஒரு ஆட்டு ஆட்டினாள். தொட்டில் இந்தப் பக்கச் சுவரில் இடித்தது, திரும்பிப்போய் அந்தப் பக்கச் சுவரில் இடித்தது. பிள்ளை வீரிட்டது. கட்டில் தானாகவே மூலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது, படுக்கப் போட இடம் போதாமல் யாரோ தூக்கி நிறுத்தியதுபோல.

கனி மகராசன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் ஈசிச்சேரில் சாய்ந்திருந்தார், சேரைச் சுற்றி நிறைய இடம் இருந்தது.

"வாங்க மைனி. பேத்தியா? சந்தோசம். ஒண்ணுமில்ல, எங்க மருமவளுக்கு இன்னும் பிள்ள இல்லைல்லா, பதினொண்ணுல இருந்தா குழந்த பாக்கியம்னு போட்டிருக்கு. முதல் வீட்டுக்காரரும் பதினொண்ணு கேட்டாரு. யாரு வீட்டுல பதிலுக்கு வாசிக்க ஆளு இல்லையோ அங்க இருந்துதான் இடம் வரும், உங்க வீடு பூட்டிக் கிடந்துச்சு. ஆனா நாங்க ஏழுல நிறுத்தலியே, பாத்தீங்களா. எட்டுல நிறுத்திருக்கோம். எட்டும் நல்ல எண்ணுதான்."

"தொட்டில் இடிக்கி அண்ணாச்சி."

"சின்னத் தொட்டிலாக் கெட்டுங்க. நாளைக்கு இன்னும் ரெண்டு வீட்டுக்காரங்க முறை இருக்கு. உங்களுக்கு ஆறு வரும். ஆறுன்னா ரொம்ப விசேசம் மைனி, காலண்டர எடுத்துப் பாருங்க."

"எங்க முறை எப்ப?"

"வரும், வரும்."

திரும்பும் வழியில் அவள் கால்கள் தாமாகவே இடுக்கின் முன்னால் நின்றன. வெயில் சுள்ளென்று அடித்தது, ஆனாலும் இடுக்கிலிருந்து வந்த காற்று, பானைக்குள் கை விட்டதுபோல் குளிர்ந்திருந்தது. உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டிருக்கும்போல.

"பிறந்தாச்சாம்மா?"

"ஆச்சு அண்ணாச்சி. பொம்பளப்பிள்ள."

"எத்தன அடி மிச்சம் இருக்கு?"

கனி திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள்.

"பயப்படாதம்மா" என்றது இடுக்கு. "மொதல்ல மூச்சுதான் சிறுசாவும். அப்புறம் பழகிரும். சின்னப் பிள்ளைக்குப் பெரியவங்களவிடச் சீக்கிரம் பழகும்."

கனி தன் வாழ்நாளில் எத்தனையோ பயத்தைப் பயந்திருக்கிறாள், கடலைப் பார்த்து, லாரியைப் பார்த்து, பூட்டிய கதவு பூட்டியிருக்கிறதா என்று, ஆனால் அந்தப் பயமெல்லாம் சேர்ந்து இப்படி ஒரே இடத்தில் வந்து நின்றதில்லை. டேப்பைக் கொண்டுபோய் உப்பளத்து ஓடையில் எறிந்துவிடலாமா என்று யோசித்தாள், எறிந்தால் இடுக்கு இடுக்காகவே நின்றுவிடும், எட்டு எட்டாகவே நின்றுவிடும். தானே பத்து என்று திருப்பி வாசிக்கலாமா என்று யோசித்தாள், அப்படி வாசித்தால் அந்த இடம் பதில் சொல்ல ஆளில்லாத வேறொரு வீட்டிலிருந்து வரும், ஒரு நாள் அவள் ரேஷன் கடைக்குப் போயிருக்கும்போது அவர்கள் மறுபடி வாசிப்பார்கள். யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவளின் கண்ணில், பிள்ளைத் துணிப் பலகையில் மடித்து வைத்திருந்த உப்புத்தாள் பட்டது.

மத்தியானம் மறுபடி போனாள். தொட்டில் கொக்கியை இடம் மாற்ற வேண்டும், டேப்பு வேண்டும் என்றாள்.

"தாராளமா. ஆனா வாசிக்கக் கூடாது மைனி, உங்க முறை இல்ல. மனசுக்குள்ள அளந்துக்கிடுங்க. விளக்கு வைக்கதுக்குள்ள குடுத்துருங்க."

பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் டேப்பை நுனியிலிருந்து இழுத்துத் தரையில் பரப்பினாள், முதலில் சொரசொரப்பான தாளை எடுத்தாள். டேப்பு அவசரமில்லாமல் உள்ளே போகப் பார்த்தது, இழுத்து முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று, கறுப்பும் சிவப்புமாகத் தூள் உதிர்ந்தது, ஒவ்வொரு எண் போகும்போதும் சுவருக்குள் எங்கோ ஒருவர் பல்லைக் கடிப்பதுபோல் கேட்டது. சுதா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

வேலை முடிந்து வந்த சொரிமுத்து கதவைத் திறந்து, தலையில் கை வைத்தார். "ஏட்டி, புது டேப்ப ஏன் இப்படிப் பாழாக்குத? இதுக்கா கடையில அத்தன நேரம் நின்ன?"

"நுனியப் பிடிங்க. ஓடப் பாக்கு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், தொட்டில் இடித்துக் காரை பெயர்ந்திருந்த சுவரைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து நுனியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நைஸ் தாள இப்ப எடுக்காத, அது வழவழப்புக்குத்தான்" என்றார். ஏழு போயிற்று, எட்டு போயிற்று. சிவப்பு ஒன்பதின் மேல் கனி தன் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டு அதைத் தாண்டிப் போனாள். பத்து போயிற்று, பதினொன்று போயிற்று, அதற்கப்பால் இருந்தவையும் போயின.

சுதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "எம்மா, அதையா விட்டு வைக்க? காலண்டர்ல அதுக்கு நேரா என்ன போட்டிருக்குன்னு உனக்குத் தெரியும்லா? கைப்பிள்ள இருக்க வீடும்மா."

"தெரியும். அதே காலண்டர்லதான் ஆறு ரொம்ப விசேசம்னும் போட்டிருக்கு."

சுதா பிள்ளையின் காதைத் தன் கையால் பொத்திக்கொண்டாள்.

வெயில் தாழும் நேரத்தில் கனி டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எட்டு வைத்து நடக்கப் பயமாயிருந்தது, ஆனாலும் நடந்தாள். இடுக்கின் முன்னால் நின்று நுனியை உள்ளே விட்டு, "அண்ணாச்சி, இதப் பிடிச்சு உங்க அந்தப் பக்கத்துச் சுவத்துல வச்சு அழுத்துங்க" என்றாள். இஸ்திரி போட்ட விரல்கள் வந்து வாங்கிக்கொண்டன. ஒரு சாணுக்கும் குறைவான டேப்பு வெளியே நிற்க, அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை, வெறும் மஞ்சள். அக்கம்பக்கத்து மூன்று நான்கு வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்றார்கள், மகராசன், "மைனி, வாசிக்கக் கூடாது" என்று ஈசிச்சேரில் இருந்தபடியே கூப்பிட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார். கனி இத்தனை வருஷம் வாயில் எடுக்காத எண்ணை, அடிவயிற்றிலிருந்து எடுத்து, லைன் முழுவதும் கேட்கும்படி வாசித்தாள்.

"ஒன்பது."

அந்த ஒரு எண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாத டேப்பு, எல்லா வீட்டுக்கும் அதையே கொடுத்தது. பாய் முனகவில்லை இந்தத் தடவை, லைன் முழுவதும் ஒரே ஆளாகப் புரண்டு படுத்ததுபோல் ஒரு பெருமூச்சு எழுந்தது, பாத்திரங்கள் உருண்டன, லூர்தம்மாளின் பீரோ கதவு டமாரென்று சாத்திக்கொண்டது, மகராசன் ஈசிச்சேரோடு சேர்த்துச் சுவரால் நெட்டித் தள்ளப்பட்டார். டேப்பு கனியின் கையிலிருந்து இழுத்துக்கொண்டு நீண்டது, கட்டைவிரலுக்கடியில் வெறும் மஞ்சள் ஓடியது, ஓடியது, சிவப்பு ஒன்பது வந்து நின்றது, அதைத் தாண்டி ஒரு விரற்கடை. அவள் நிமிர்ந்தபோது எதிரே சன்னலும் கதவுமாக ஒரு வீடு இருந்தது.

மகராசன் வந்து டேப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தன் அறையில் பரப்பினார். பதினொன்று என்றார், பத்து என்றார், கெஞ்சும் குரலில் எட்டு என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அவர் மருமகள் எட்டிப் பார்த்து, "மாமா, இதுல ஒன்பது மட்டுந்தானே இருக்கு" என்றாள். அவர் அதை வாசலில் எறிந்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் லைனில் கனியோடு யாரும் பேசவில்லை. பிறகு லூர்தம்மாள்தான் முதலில் வந்தாள், பிள்ளைக்குச் சட்டை ஒன்று கொண்டுவந்திருந்தாள். "எங்க கோயில்ல நவநாளே ஒன்பது நாளுதான்ட்டி. யோசிச்சுப் பாத்தா நல்ல எண்ணுதான்" என்றாள். மற்ற வீடுகளிலும் அப்படி ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள், காரணம் கிடைக்காத வீட்டில் காலண்டரின் பின்னட்டையைச் சுவரோடு ஒட்டிவிட்டார்கள். மகராசன் ஒரு கூட்டம் போட்டு, எல்லாருக்கும் ஒரே அளவு என்பது சங்கம் முதலிலேயே எடுத்த முடிவுதான் என்று சொன்னார், கை தட்டினார்கள்.

தர்மக்கண் வெளியே வந்தார். கதவு முழுசாகத் திறந்திருக்கும்போதும் பக்கவாட்டில் திரும்பித்தான் வந்தார், இன்றைக்கும் அப்படித்தான் வருகிறார். முன்னாலிருந்து பார்த்தால் பழைய ஆள்தான், பக்கத்திலிருந்து பார்க்கும்போது கண்ணைக் கொஞ்சம் இடுக்கிக்கொள்ள வேண்டும். தெருவில் அவர் நிழல் கயிறு கிடப்பதுபோல் கிடக்கும், பிள்ளைகள் அதைத் தாண்டி விளையாடும். கனி இட்லி கொண்டுபோய்க் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி, அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தட்டையாக்கித்தான் தின்பார்.

டேப்பை என்ன செய்வது என்று கனி நிறைய யோசித்தாள். ஒளித்து வைத்தால் தேடுவார்கள். அதனால் தன் வீட்டு வாசல் ஆணியில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று மாட்டிவிட்டாள், யாரும் எடுப்பதில்லை. தினமும் சாயங்காலம், தொட்டிலில் பேத்தி கிடக்க, சொரிமுத்து நுனியைப் பிடித்துக்கொள்ள, அவள் அதைச் சுவருக்குச் சுவர் இழுத்து, சத்தமாக, யார் காதிலும் வேறு எண்ணாக விழுந்துவிடாதபடி ஒன்பது என்று வாசித்துவிட்டுத்தான் விளக்கேற்றுவாள். பேத்தி அதைக் கேட்டுக் கேட்டு, அந்த நேரம் வந்ததும் தானே அசையாமல் கிடந்து பழகிவிட்டாள்.

ஒரு நாள் வாசித்துவிட்டுக் கட்டைவிரலை எடுத்தபோது விரலில் லேசாகச் சிவப்பு ஒட்டியிருந்தது. கனி டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், ஒன்பதின் வால் கொஞ்சம் மங்கியிருந்தது. பிறகு சுதாவின் பையைத் துழாவி, நகத்துக்குப் பூசும் பூச்சில் நிறமில்லாத புட்டியாகப் பார்த்து எடுத்து, தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஒற்றை எண்ணின் மேல் மெல்லப் பூசி, உலர்ந்த பிறகு இன்னொரு தடவை பூசி, டேப்பு உள்ளே போய்விடாதபடி முழங்காலால் அழுத்திக்கொண்டு, காயும்வரை வாயால் ஊதிக்கொண்டே இருந்தாள்.